பாசித் தொட்டி முதல் பயோடீசல் பாட்டில் வரை: எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி போன் செய்தாள். பாசி எண்ணெயைப் பயோடீசலாக்க மெத்தனாலும் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரமும் ஊற்றிக் கலக்கியதும் பாட்டில் முழுக்கச் சோப்பாகக் கட்டிக்கொண்டதாம். காஸ்டிக் பொட்டாஷைக் கூட்டுவதா குறைப்பதா என்பதுதான் அவள் கேள்வி. நான் வேறொன்று கேட்டேன்: "வடிகட்டின பாசியை எப்பம்மா காயப் போட்டீங்க?" சாயங்காலம் வடிகட்டியது, மறுநாள் மதியம்தான் தட்டில் பரப்பினோம் என்றாள். கோளாறு நடந்தது அந்த ஓர் இரவில். அது பாட்டிலில் தெரியப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கிற வேலை முழுக்கவே இப்படித்தான். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, நடந்த இடம் வேறு. அதனால் கண்ணில் படுகிற அறிகுறியை வைத்துப் பின்னோக்கிப் போகிற மாதிரி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் தெரிவது எதுவோ, அந்தத் தலைப்பிலிருந்து படிக்கலாம்.

அளவுகளை எல்லாம் ஒரு சிறிய தொட்டிக்குச் சொல்கிறேன்: ஒரு சதுர மீட்டர் பரப்பு, 20 செ.மீ ஆழம், 200 லிட்டர் தண்ணீர், உள்ளே குளோரெல்லா என்ற நுண்பாசி. மொட்டை மாடியிலோ கல்லூரித் தோட்டத்திலோ தார்ப்பாலின் விரித்துச் செய்கிற தொட்டி. இது நன்றாக ஓடும்போது லிட்டருக்கு அரை கிராம் உலர் பாசி இருக்கும், ஆக மொத்தம் 100 கிராம். அதில் கொழுப்பு 20 சதவீதம் என்றால் 20 கிராம். அதிலும் பச்சையமும் வேறு சில பொருள்களும் போக, பயோடீசலாக மாறுவது 10 முதல் 15 கிராம். ஒரு சின்ன இருமல் மருந்துப் பாட்டில் நிறையாது. லிட்டர் கணக்கில் வரும் என்று நினைத்துத் தொடங்கியவர்கள் இந்தப் பாட்டிலைப் பார்த்து எங்கோ தவறு என்று தேடுவார்கள். தவறு எதுவும் இல்லை, கணக்கே அவ்வளவுதான்.

தேடுவதற்கு முன் நான்கு பழக்கம் வேண்டும். காலை ஏழு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) பார்த்து எழுதுங்கள். ஒரு கம்பி நுனியில் வெள்ளை பாட்டில் மூடியைக் கட்டி, எத்தனை செ.மீ ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்து எழுதுங்கள். வளர்ச்சி இருந்தால் அந்த ஆழம் நாளுக்கு நாள் குறையும். தினமும் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வாரம் இரு முறை 100 மில்லியை எடைபோட்ட வடிதாளில் வடித்துக் காயவைத்து எடை எடுங்கள். பாசியின் அடர்த்தியை நிறமானியில் அளக்கிறவர்கள் 680 நானோமீட்டரில் அளக்க வேண்டாம், 750-இல் அளக்கவும். 680-இல் பச்சையமே ஒளியை விழுங்கிவிடும், பாசி பட்டினி கிடந்து வெளுக்கும்போது எண்ணிக்கையே குறைந்தது போலக் காட்டும்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். யூரியாவும் போட்டு, நிழல்வலையும் கட்டி, தண்ணீரும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

விதை ஊற்றி நான்கு நாளாகியும் பச்சை ஏறவில்லை

முதலில் எவ்வளவு விதை ஊற்றினீர்கள் என்று பாருங்கள். தொட்டித் தண்ணீரில் 10 முதல் 20 சதவீதமாவது நல்ல அடர்த்தியான விதைப்பாசி வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டிலை 200 லிட்டரில் கொட்டினால் ஒரு செல்லுக்கு இன்னொரு செல் நிழல் தராது. உச்சி வெயிலில் அத்தனையும் ஒளி தாங்காமல் சுருண்டுவிடும். விதை குறைவாக இருந்தால் 5 லிட்டர், 25 லிட்டர், 100 லிட்டர் என்று படிப்படியாகப் பெருக்குங்கள். முதல் மூன்று நாள் பச்சை நிழல்வலை கட்டுங்கள்.

விதை போதும் என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்கக் காற்றுக் குமிழி விட்டு வையுங்கள், அல்லது மீன்தொட்டிக் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சில சொட்டு விடுங்கள். விதை எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஊர்க் குட்டைப் பச்சையை அள்ளி வந்து குளோரெல்லா என்று நம்பித் தொடங்கியவர்கள் பலர். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பாசி வகைகளைத் தூய்மையாக வைத்திருக்கிறார்கள். கல்லூரி மூலம் கேட்டு வாங்குவது நல்லது.

முதல் வாரம் நன்றாக வளர்ந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மதியம் பிஎச் 10-ஐத் தாண்டுகிறது

அதிகம் பேர் இங்கேதான் யூரியாவை அள்ளிப் போட்டுக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். பிஎச் ஏறுவதே தொட்டி உங்களிடம் சொல்லும் சேதி: பாசிக்குக் கரி (கார்பன்) இல்லை. பாசி வெயிலில் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. அது தீர்ந்ததும் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டை உடைத்து எடுக்கிறது. அந்த வேலையில் தண்ணீர் காரமாகிறது. ஒரு கிராம் உலர் பாசி உருவாகச் சுமார் 1.8 கிராம் கரியமில வாயு வேண்டும். காற்றில் அது இருப்பதோ 0.04 சதவீதம். மீன்தொட்டி பம்ப் ஊதுகிற வெறும் காற்றால் அடர்ந்த தொட்டிக்கு ஈடு கொடுக்க முடியாது.

காலையில் பிஎச் 8, மதியம் 9 என்றால் கவலை இல்லை. காலையிலேயே 9.5, மதியம் 10.5 என்றால் கரிப் பஞ்சம் உறுதி. உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது: ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் ஒரு கிராம் சமையல் சோடா போட்டு வெயிலில் வையுங்கள். இரண்டு நாளில் சோடா போட்டது அடர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

தொட்டிக்கு நல்லது சிலிண்டர் கரியமில வாயுதான். பிஎச் 8.5-ஐத் தாண்டும்போது திறந்து, 7.5-க்கு வந்ததும் மூடுவது போதும். சிலர் சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பாட்டிலிலிருந்து குழாய் இழுப்பார்கள். சோதனைக்கு அது சரி, வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தொட்டி ஒரு நாளில் 10 கிராம் பாசி தருகிறது என்றால் அதற்கு 18 கிராம் வாயு வேண்டும். அதைப் புளிக்கவைத்து எடுக்க 35 கிராம் சர்க்கரை போகும். கையில் வரும் எண்ணெய் இரண்டு கிராம்.

பிஎச் ஏறிய தொட்டியில் இன்னும் இரண்டு கேடு சேர்ந்து வரும். தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா? நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் அதிகம். பிஎச் ஏறும்போது அவை நீங்கள் போட்ட பாஸ்பேட்டையும் சேர்த்துக்கொண்டு கீழே படிந்துவிடும். டிஏபி உரம் போட்டும் பாசிக்குப் பாஸ்பரஸ் கிடைக்காது. இரும்புக்கும் இதே கதி. இன்னொன்று, யூரியாவும் டிஏபியும் தரும் அம்மோனியம் இந்தக் காரத்தில் அம்மோனியா வாயுவாக மாறும். பிஎச் 9.25-இல் பாதி அம்மோனியம், பாதி அம்மோனியா. அதற்கு மேல் அம்மோனியாவின் கை ஓங்கி, பாசியின் ஒளிச்சேர்க்கையையே முடக்கும். வளர்ச்சி நின்ற தொட்டியில் யூரியா போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். முதலில் பிஎச்சை இறக்குங்கள், உரம் பிறகு.

உரத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 10 கிராம் உலர் பாசியை எடுத்தால் அதோடு சுமார் முக்கால் கிராம் நைட்ரஜனும் 0.1 கிராம் பாஸ்பரஸும் வெளியே போகின்றன. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று மூட்டையிலேயே போட்டிருக்கும். ஆக, 10 கிராம் அறுவடைக்கு ஒன்றரை கிராம் யூரியா, அரை கிராம் டிஏபி திருப்பிப் போட்டால் சரியாக இருக்கும். கையால் அள்ளிப் போடும் பழக்கம் இந்தத் தொட்டிக்கு ஆகாது.

பச்சை மங்கி மஞ்சளாகிறது

இதற்கு மூன்று காரணம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மேல்பரப்பு மட்டும் வெளுத்து, கலக்கியதும் பச்சை திரும்பினால் வெயில் அதிகம். சித்திரை, வைகாசியில் 20 செ.மீ தண்ணீர் மதியம் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். குளோரெல்லாவுக்குப் பிடித்தது 25 முதல் 30 வரை, 35-க்கு மேல் திணறும். நிழல்வலை கட்டுங்கள், தண்ணீரைக் கலக்கும் துடுப்பு நிற்காமல் பாருங்கள். நைட்ரஜன் உரம் போட்டும் மஞ்சள் தெளியவில்லை என்றால் இரும்புப் பஞ்சம். வெறும் இரும்பு சல்பேட் படிந்துவிடும்; வேளாண் கடையில் கிடைக்கும் இடிடிஏ சேர்த்த இரும்பைக் கொடுங்கள்.

தொட்டி முழுக்க ஒரே சீராக, நாளுக்கு நாள் மெல்ல வெளுத்தால் நைட்ரஜன் பசி. மைக்ராஸ்கோப்பில் செல்கள் பருத்து, உள்ளே பளபளக்கும் சொட்டுகள் தெரியும். அவைதான் எண்ணெய். நைல் ரெட் சாயம் ஏற்றி ஒளிரும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பொன்மஞ்சளாக மின்னும்.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பசியை வேண்டுமென்றே உண்டாக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. பட்டினி போட்டால் எண்ணெய் 20 சதவீதத்திலிருந்து 40, 50 ஆகும் என்பார்கள். சதவீதம் ஏறுவது உண்மை. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நீர்வாழ் உயிரினத் திட்டம் என்ற பெயரில் இதே பாதையில் நடந்து பார்த்தது. சுமார் 3,000 பாசி வகைகளைச் சேகரித்தார்கள். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் ஊரில் 1,000 சதுர மீட்டர் குளங்களை ஓட்டினார்கள். பட்டினி போட்டதும் ஒவ்வொரு செல்லிலும் எண்ணெய் கூடியது, ஆனால் செல் பிரிவது நின்றுபோனது. மொத்த எண்ணெய் விளைச்சல் கூடவில்லை. 1998-இல் வெளிவந்த நிறைவு அறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த அறிக்கை மேல் மரியாதை அதிகம்.

ஆகவே உங்கள் நோட்டில் "எண்ணெய் சதவீதம்" என்ற பத்தியை அடித்துவிட்டு, "ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் எண்ணெய்" என்று எழுதுங்கள். பட்டினி போட வேண்டுமானால் தொட்டி முழுவதையும் போடாதீர்கள். அறுவடைக்கு எடுக்கும் பங்கை மட்டும் தனி டிரம்மில் உரமில்லாமல் மூன்று, நான்கு நாள் வெயிலில் வையுங்கள். தாய்த் தொட்டி பச்சையாகவே இருக்கட்டும்.

நேற்று பச்சை, இன்று தண்ணீர் தெளிந்து கிடக்கிறது

"சார், தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிருச்சு" என்று விடிகாலையில் வந்த போன் ஒன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. துடுப்பு நின்று பாசி அடியில் தங்கியிருக்கும் என்று நினைத்து, கலக்கிவிடச் சொன்னேன். கலக்கியும் பச்சை வரவில்லை, பழுப்புத் துகள்தான் எழுந்தது. அன்று அந்தச் சொட்டை உடனே மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தால் பக்கத்துத் தொட்டியையாவது காப்பாற்றியிருக்கலாம். இரண்டு நாளில் அதுவும் போனது.

பாசியை மேய்கிற உயிர்கள்தான் இதற்குக் காரணம். மைக்ராஸ்கோப்பில் எது தெரிகிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

தலையில் சக்கரம் சுழல்வது போல மயிரிழைகளோடு ஓடும் பெரிய உயிர் தெரிந்தால் அது ரோட்டிஃபர். 100 மைக்ரானுக்கு மேல் இருக்கும், கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மருந்து தேட வேண்டாம். குளோரெல்லா 2 முதல் 10 மைக்ரான்தான். 50 மைக்ரான் நைலான் வலையில் தொட்டித் தண்ணீர் முழுவதையும் வடித்தால் பாசி கீழே போகும், ரோட்டிஃபரும் அதன் முட்டையும் மேலே தங்கும். ஒரு முறை வடித்தால் போதாது. மூன்று நாள் தொடர்ந்து வடியுங்கள். ஒரு சொட்டில் ஒன்று என்று இருக்கும்போதே தொடங்கினால் தொட்டி பிழைக்கும். சொட்டுக்கு ஐந்து, பத்து என்று ஆகிவிட்டால் அன்றே அறுவடை செய்து, இருக்கிற பாசியையாவது எடுத்துவிடுங்கள்.

குளோரெல்லாவைவிடச் சற்றே பெரிதாக, வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் உயிருக்குள் பச்சை உருண்டைகள் தெரிந்தால் அது பாசியை விழுங்கும் சவுக்குயிரி. வலையில் நிற்காது. கரியமில வாயுவை விட்டுப் பிஎச்சை 6 பக்கம் இறக்கி வைத்தால் இவை தாங்காது, குளோரெல்லா தாங்கும். காரத்தில் கிடந்த தொட்டிக்குக் கொடுக்கும் அதே வாயு இங்கே மருந்தாகவும் ஆகிறது.

ஓடும் உயிர் எதுவும் இல்லை, ஆனால் செல்கள் மூன்று நான்காக ஒட்டிக்கொண்டு, மஞ்சளாகி, உள்ளீடு வற்றி வெறும் கூடாகக் கிடக்கின்றன என்றால் பாக்டீரியா. வாம்பைரோவிப்ரியோ என்று ஒன்று இருக்கிறது, குளோரெல்லாவின் சுவரில் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். செனடெஸ்மஸ் என்ற வேறொரு பச்சைப்பாசியை வளர்ப்பவர்களுக்கு இதே வேலையைப் பூஞ்சை போன்ற ஒட்டுண்ணிகள் செய்யும். இதற்கு மாடித் தொட்டி அளவில் வைத்தியம் கிடையாது. கொட்டிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலால் தொட்டி, குழாய், துடுப்பு எல்லாம் கழுவி, இரண்டு நாள் கடும் வெயிலில் காயவிட்டுப் புதிய விதையோடு தொடங்குங்கள். அதனால்தான் ஜன்னலோரத்தில் எப்போதும் இரண்டு பாட்டில் தாய்விதை மூடி வைத்திருக்கச் சொல்கிறேன். தொட்டியில் தொட்ட கை அந்தப் பாட்டிலைத் தொடக் கூடாது.

பச்சை இருக்கிறது, ஆனால் நிறம் வேறு மாதிரி

சுவரில் பழுப்பு வழுவழுப்பு என்றால் டயட்டம் என்ற பழுப்புப் பாசி, தேய்த்துவிட்டால் போதும். நீலம் கலந்த பச்சையும் மண்வாசனையும் வந்து, மைக்ராஸ்கோப்பில் நூல் நூலாகத் தெரிந்தால் நீலப்பச்சைப்பாசி. இவற்றில் எண்ணெய் குறைவு, நைட்ரஜன் பஞ்சத்திலும் பலவகை தழைக்கும். உரக் கணக்கு தவறியது என்று பொருள். திறந்த தொட்டியில் இந்த நுழைவை முழுதாகத் தடுக்க முடியாது. ராஸ்வெல்லிலும் வெளியிலிருந்து கொண்டு வந்த வகைகளை உள்ளூர் வகைகள் முந்திக்கொண்டன. திரும்பத் திரும்ப ஒரே செனடெஸ்மஸ் உங்கள் தொட்டியைப் பிடித்துக்கொள்கிறது என்றால் அதையே வளர்த்துப் பாருங்கள். உங்கள் தண்ணீரும் வெயிலும் அதற்குப் பொருந்துகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நீர்த்துப்போவது தனிக் கோளாறு இல்லை. மேலே ஒரு ஷீட் போடுங்கள்.

படிகாரம் போட்டும் பாசி தங்கவில்லை, அல்லது தங்கியது மேலே மிதக்கிறது

அறுவடைக்குப் படிகாரம் போட்டுப் பாசியைத் திரளவைத்து அடியில் தங்கவிடுகிறோம். மிதப்பதற்குக் காரணம் சூரியன். திரண்ட பாசியும் வெயிலில் ஆக்சிஜன் விடும், அந்தக் குமிழி திரளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். அறுவடையைச் சாயங்காலம் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கவே இல்லை என்றால் அளவைச் சோதிக்க வேண்டும். ஐந்து கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு 100, 150, 200, 250, 300 மில்லிகிராம் என்று படிகாரம் கரைத்து விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். அரை மணியில் மேல்நீர் தெளியும் டம்ளரில் உள்ள மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு. பிஎச் 9-க்கு மேல் இருந்தால் படிகாரம் வேலை செய்யாது, முதலில் அதைப் பாருங்கள்.

எனக்குப் படிகாரம் பிடிக்காது. அலுமினியம் பாசியோடு போய் எண்ணெய் எடுக்கும்போதும் மீதியை உரமாக்கும்போதும் தொல்லை தரும். முருங்கை விதைப் பருப்பை அரைத்துக் கரைத்த வடிநீர் குளோரெல்லாவைத் திரட்டும். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க நம் பக்கத்தில் அறிந்த அதே விதைதான். அதில் உள்ள நேர்மின்னேற்றப் புரதம் எதிர்மின்னேற்றமுள்ள பாசியை இழுத்துச் சேர்க்கிறது. விதையை எண்ணெய் நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முருங்கை எண்ணெயையும் பாசிக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

இன்னொரு வழி சுண்ணாம்பு நீரால் பிஎச்சை 10.5, 11-க்கு ஏற்றுவது. தண்ணீரில் மக்னீசியம் இருந்தால் அது ஹைட்ராக்சைடாகப் படியும்போது பாசியையும் இழுத்துக்கொண்டு போகும். போர் தண்ணீர்த் தொட்டியில் அழகாகத் தங்கும். ஆர்ஓ தண்ணீரில் வளர்த்தவர்களுக்குத் தங்காது, காரணம் அதில் மக்னீசியம் இல்லாததுதான்.

வடித்த பாசி நாறுகிறது

முதலில் சொன்ன மாணவியின் இடம் இதுதான். வடித்த பாசிக்குழம்பில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். செல்கள் நசுங்கியிருக்கும், நம் ஊர்ச் சூட்டில் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். நாற்றத்தைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது: பாசியின் சொந்த நொதிகளே எண்ணெயை உடைத்துக் கட்டற்ற கொழுப்பமிலமாக்கிவிடும். அந்த அமிலம்தான் பின்னால் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது.

வடித்த கையோடு தட்டில் 3 மி.மீ கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, 60 டிகிரிக்குக் கீழே காற்றோட்டத்தில் காயவையுங்கள். அன்றே முடியாது என்றால் ஃபிரீசரில் வையுங்கள். சாதாரண ஃபிரிட்ஜ் போதாது. காய்ந்தது கையில் நொறுங்க வேண்டும்.

காய்ந்த பாசியிலிருந்து எண்ணெய் வரவில்லை

செக்கில் ஆட்டினீர்களா? பலரும் கடலை, எள் நினைப்பில் அதைத்தான் செய்கிறார்கள். கடலையில் பாதி எண்ணெய். பாசியில் ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் சில மைக்ரான் செல்லுக்குள், தடித்த சுவருக்குப் பின்னால். செக்கு அதை உடைக்காது.

சுவரை உடைத்த பிறகே எண்ணெயைக் கரைத்து எடுக்கும் கரைப்பானை ஊற்ற வேண்டும். ஃபிரீசரில் உறையவைத்து இளக்குவது, சுத்தமான மணலோடு கல்வத்தில் அரைப்பது, கல்லூரியில் இருந்தால் மீயொலிக் கருவி. உடைந்ததா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள். பாசியில் ஈரம் இருந்தாலும் எண்ணெய் வராது. ஹெக்சேன் என்ற கரைப்பான் தண்ணீர்ப் படலத்தைத் தாண்டிப் போகாது.

எண்ணெய் அதிகமாக வந்து, கரும்பச்சையாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். குளோரோஃபார்ம், மெத்தனால் கலவை பச்சையத்தையும் மற்றவற்றையும் சேர்த்து இழுக்கும். எடை 25 சதவீதம் காட்டும், எரிபொருளாவது அதில் பாதி இருக்கலாம். உண்மையான எண் வேண்டுமானால் உலர் தூளையே அமிலமும் மெத்தனாலும் சேர்த்து நேரடியாக எஸ்டராக்கி, அதாவது பயோடீசலாக்கி, வாயு நிறப்பகுப்பியில் (gas chromatograph) அளக்கச் சொல்லுங்கள்.

ஹெக்சேனை வீட்டில் கையாளாதீர்கள். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் அடுத்த அறை அடுப்பில் பற்றும். புகைபோக்கி உள்ள ஆய்வகம், பக்கத்தில் தீ இல்லாத இடம், இரண்டு பேர் துணை வேண்டும். மெத்தனாலுக்கும் இதுவே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்ததை நாம் மறக்க முடியாது. கல்லூரிப் பதிவேடு வழியாக வாங்குங்கள், மிச்சத்தை அங்கேயே பூட்டி வையுங்கள்.

பாட்டிலில் சோப்பு கட்டுகிறது, கிளிசரின் பிரியவில்லை

பயோடீசலோடு கூடவே உண்டாகும் கிளிசரின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் எண்ணெயில் ஈரம் இருக்கிறதா, அமிலம் இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். சூடான தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடத்தால் ஈரம், 105 டிகிரியில் வற்றவிடுங்கள். கரைப்பான் முழுதாகப் போன எண்ணெயில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அமிலத்துக்கு அளவீடு வேண்டும். இங்கே பாசிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: எண்ணெய் கரும்பச்சையாக இருப்பதால் காரம் மிஞ்சியதைக் காட்டும் பினாஃப்தலீன் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. காரத்தை ஊற்றிக்கொண்டே போய், இல்லாத அமிலத்தை இருப்பதாக எழுதுவீர்கள். ஐசோபுரோபனாலில் நன்றாக நீர்த்துப் பிஎச் மீட்டர் வைத்துப் பாருங்கள். அமில எண் 4-க்குள் இருந்தால், அதாவது கட்டற்ற அமிலம் சுமார் 2 சதவீதத்துக்குள் இருந்தால், நேராகக் காரம் போடலாம். மேலே போனால் முதலில் எண்ணெய் எடையில் ஒரு சதவீதம் கந்தக அமிலம், தாராளமான மெத்தனால், 60 டிகிரியில் இரண்டு மணி நேரம். நீரை நீக்கி, மிச்ச அமிலத்தை முறித்த பிறகே காஸ்டிக். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், 60-ஐத் தாண்டவிடாதீர்கள்.

ஈரமும் அமிலமும் சரி, ஆனாலும் கலங்கலாக நின்றால் பாஸ்போலிப்பிடு என்ற பசை போன்ற கொழுப்பு. எண்ணெயைச் சூடான நீரில் சிறிது பாஸ்பாரிக் அமிலத்தோடு கலக்கிப் பசையைப் பிரித்து எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

முடிந்ததா என்று அறிய 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் கலக்குங்கள். முழுக்கக் கரைந்து தெளிந்தால் சரி. அடியில் சொட்டு தங்கினால் மாறாத எண்ணெய் இன்னும் இருக்கிறது.

நல்ல பயோடீசலும் சில வாரத்தில் பிசுபிசுக்கலாம். பாசி எண்ணெயில் பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பமிலங்கள் அதிகம், காற்றோடு சீக்கிரம் சேரும். கருநிற பாட்டிலில் வாய்வரை நிரப்பிக் குளிரில் வையுங்கள். வண்டியில் ஊற்றிப் பார்க்க வேண்டாம். இந்திய பயோடீசல் தரமான ஐஎஸ் 15607-இன் சோதனைகளைக் கடக்காத எதையும் இன்ஜினுக்குக் கொடுக்கக் கூடாது.

எல்லாம் சரியாக ஓடுகிறது, மின்கட்டணம்தான் இடிக்கிறது

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொண்டு தேடுங்கள். 18 வாட் பம்ப் ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.43 யூனிட். தொட்டி அன்று தரும் 10 கிராம் பாசியில் 2 கிராம் கொழுப்பு, அதன் ஆற்றல் 0.02 யூனிட். இருபது மடங்கு போட்டு ஒரு மடங்கு எடுக்கிறோம். பெரிய நிறுவனங்களும் இந்தச் சுவரில் முட்டியிருக்கின்றன. எக்சான்மொபில் 2009-இல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்துத் தொடங்கிய பாசி எரிபொருள் ஆராய்ச்சியை 2023-இல் கைவிட்டது.

குறைக்க முடிந்தவை: இரவில் பம்பை விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒளி இல்லாதபோது பாசி தங்காமல் இருக்க அவ்வளவு போதும். காற்றுக் கல்லைவிட மெதுவான துடுப்பு மேல், நொடிக்கு 20 செ.மீ ஓட்டம் போதும். யூரியாவுக்குப் பதில் மாட்டுக்கொட்டில் கழிவுநீரை வடிகட்டி நீர்த்துக் கொடுத்தால் உரச்செலவு போகும். ரோட்டிஃபர் கூடும், வலையைத் தயாராக வையுங்கள்.

உலர்த்துவதும் கரைப்பானும்தான் ஆற்றலை அதிகம் தின்பவை. அவை இரண்டும் இல்லாமல் எரிபொருள் வேண்டுமென்றால் ஈரப் பாசியை அப்படியே சாண எரிவாயுக் கலனில் போடலாம். பாசியை மட்டும் போட்டால் வாயு குறைந்து அம்மோனியா நெடி வரும். பாசியில் கரிக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 6 முதல் 10 வரைதான், கலனுக்கு வேண்டியது 20 முதல் 30. நறுக்கிய வைக்கோலோ ஊறவைத்த பழைய காகிதமோ, உலர் எடையில் பாசி அளவுக்குச் சமமாகக் கலந்து, முதல் இரண்டு வாரம் வழக்கமான சாணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பழக்குங்கள். நெடி வந்தால் பாசியை ஒரு வாரம் நிறுத்திச் சாணமும் காகிதமும் மட்டும் கொடுங்கள், கலன் தேறிவிடும்.